லண்டன் லைனும் அப்பாவின் அறையும்

அம்மா இறந்த பிறகு அப்பா புணேவுக்குப் பக்கத்தில் தளேகாவ் வீட்டில் ஒன்றரை வருடம் தனியாக இருந்தார். போனில் பேசும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்தி மூச்சு வாங்குவார். கேட்டால், "மாடிக்குப் போய்ட்டு இப்பதாம்மா எறங்கினேன்" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் சொன்னார். போனை வைத்த பிறகு எனக்கு உறைத்தது. மொட்டை மாடிப் பக்கம் போயே மாசக்கணக்காகிறது, துணியெல்லாம் ஜன்னல் கம்பியிலேயே காயப் போடுகிறேன் என்று அதற்கு முந்தைய வாரம்தான் சொல்லியிருந்தார். அந்த வாரமே லண்டனிலிருந்து கிளம்பிவிட்டேன்.

அப்பா வேலூர்ப் பக்கத்துக்காரர். பதினெட்டு வயதில் வேலை தேடிப் புணேவுக்கு வந்து, வெடிமருந்துத் தொழிற்சாலையில் மருந்து நிரப்பும் பிரிவில் சேர்ந்தவர். ஓய்வு பெறும்வரை அதே பிரிவுதான். ஓய்வுக்குப் பிறகு தளேகாவில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், இரண்டு அறையும் சமையலறையும் உள்ள வீட்டைக் கட்டினார். நான் ஒரே பெண். புணேவில் படித்து, வெளிநாடு போய், லண்டனில் ஒரு சின்ன வர்த்தக நிறுவனத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்திருந்தேன். கல்யாணம் நடந்து, முறிந்து, அந்தக் காயமும் ஆறிப்போயிருந்தது. கூடவே அழைத்துவர வேண்டியவர்கள் யாரும் இல்லாததால் ஒரே பெட்டியோடு வந்தேன்.

நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகும் வியாதி என்றார் மருத்துவர். எதனால் வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நிறுத்தவும் முடியாது, வேகத்தைத்தான் குறைக்கலாம் என்றார். வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. கட்டில் பக்கத்தில் வைக்கும் சின்ன அலமாரி உயரம் இருக்கும். அறைக் காற்றை உள்ளே இழுத்து, அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். பகலிரவாக அதன் புஸ்புஸ் சத்தம் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பிப் போக முடியாது என்பது இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டது. லண்டனில் என் மேலதிகாரியிடம் பேசினேன். அவர் அதிகம் பேசாத மனிதர். "லைன் நிலையாக இருந்தால் நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்பது எனக்கு முக்கியமில்லை. நிலையாக இல்லையென்றால் இந்த வேலையை அங்கிருந்து செய்ய முடியாது. மூன்று மாதம் பார்ப்போம்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஐரோப்பிய அரசுகளின் கடன் பத்திரங்கள் நாளை என்ன விலைக்குப் போகும் என்று கணித்து வாங்குவதும் விற்பதும் என் வேலை. விலை நொடிக்கு நொடி மாறும். லண்டனில் இருக்கும் கம்ப்யூட்டரின் திரை இங்கே என் மேஜையில் தெரியும். இங்கே நான் தட்டுவது அங்கே நடக்கும். லைன் அறுந்தால் அங்கே எதுவும் நிற்காது, எனக்குத்தான் தெரியாமல் போகும். ஓடுகிற வண்டியில் ஓட்டுகிறவளின் கண்ணை யாரோ பின்னாலிருந்து பொத்துவது மாதிரி.

புணே நகரத்துப் பக்கம், பாணேரில் வாடகைக்கு வீடு பார்த்தேன். அங்கே அடுக்குமாடிகளில் ஜெனரேட்டர் உண்டு, நாலைந்து கம்பெனிகளின் ஃபைபர் கீழ்த்தளம் வரை வந்து நிற்கிறது. அப்பாவை ஒரு நாள் காரில் கூட்டிப்போய்க் காட்டினேன். லிஃப்டில் ஏறி, பால்கனியில் நின்று, எதிரே இருந்த இன்னொரு கட்டடத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. ஆனா இங்க நான் இன்னாம்மா பண்ணுவேன்? அங்க கதவத் தொறந்தா நாலு பேரு மொகமாவது தெரியுது."

"நெட்டு நல்லா வரும்பா. எனக்கு வேலைக்கு ஆவும்."

"அப்ப நீ வந்து இரும்மா. நான் வார வாரம் வந்து பாக்கறேன்."

கூட எடுத்துவந்த ஆக்ஸிஜன் சிலிண்டரின் குழாயை மூக்கில் வைத்தபடி நின்று அதைச் சொன்னார். அந்த வீடு வேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டேன்.

தளேகாவில் எங்கள் தெருவுக்கு ஃபைபர் கொண்டுவந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு கேபிள்காரர். அக்காவைக் கூப்பிடுவது போல என்னை 'தாயி' என்று கூப்பிடுவார். முதல் லைன் அவருடையது. ஒரே வாரத்தில் மூன்று முறை அறுந்தது. ஒரு தடவை குரங்கு, ஒரு தடவை மரக்கிளை, மூன்றாவதற்குக் காரணமே தெரியவில்லை. இன்னொரு கம்பெனியில் இரண்டாவது லைன் வாங்கினேன். ஒன்று போனால் மற்றொன்று தானாக எடுத்துக்கொள்ளும்படி ஒரு பெட்டியையும் வரவழைத்தேன். இனிப் பயமில்லை என்று நினைத்திருந்தேன். இருபது நாள் கழித்து, தெருமுனையில் குழாய் பதிக்க வந்த ஜேசிபி இரண்டையும் ஒரே வாரலில் அள்ளிவிட்டது. இரண்டு கம்பெனியும் ஒரே கம்பத்திலிருந்து இறங்கி ஒரே பள்ளத்தில்தான் வந்திருக்கின்றன.

அன்று கையிருப்பில் பெரிய வர்த்தகம் இருந்தது. போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடி, தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று, சிக்னல் கிடைத்ததும் லண்டனுக்குப் பேசி எல்லாவற்றையும் முடிக்கச் சொன்னேன். கீழே இறங்கி நேராகத் தெருமுனைக்குப் போனேன். கேபிள்காரர் பள்ளத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து அறுந்த இழைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் ஒரே வழியில வருதுன்னு ஏன் சொல்லலை?" என்று இந்தியில் கத்தினேன்.

"நீங்க கேக்கலையே தாயி" என்றார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

அதன் பிறகு எனக்கு ஒரு வெறி பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, சிம் கார்டில் ஓடும் ரூட்டர் ஒன்று வாங்கி, மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு அதில் ஆன்டெனா கட்டினேன். இரண்டாவது ஃபைபரைப் பின்பக்கத்து வீட்டு மாடி வழியாக வேறு பாதையில் இழுக்க வைத்தேன். அந்த வீட்டுக்காரர் சம்மதிக்கும்வரை நான்கு தடவை போய்க் கேட்டேன். தினமும் சந்தை திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வயராகப் பிடுங்கி, மற்றொன்று எடுத்துக்கொள்ள எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி கதவு வழியாக இதைப் பார்ப்பார்.

"இன்னாத்துக்குமா இத்தினி டப்பா?"

"ஒன்னு போனா இன்னொன்னுப்பா."

"அதுவும் போனா?"

"அதுக்கும் இன்னொன்னு கீது."

"நல்லது" என்று சிரித்தார். அவருடைய தொழிற்சாலையிலும் எல்லாவற்றுக்கும் மாற்று ஏற்பாடு உண்டாம்.

தளேகாவில் வியாழக்கிழமை மின்சாரம் போகும். பராமரிப்பு வேலை என்று காலையில் எடுத்தால் மாலையில்தான் கொடுப்பார்கள். அதற்காக இன்வெர்ட்டர் வைத்தேன். மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மேடம், இந்த பேட்டரி ரெண்டையும் இழுக்காது. ஒன்னு உங்க டேபிள், இல்ல அந்த ஆக்ஸிஜன் மெஷின். எதைக் குடுக்கட்டும்?" என்றார்.

நான் அதிகம் யோசிக்கவில்லை. ஆக்ஸிஜனுக்குத்தான் சிலிண்டர் இருக்கிறதே, அதற்கு மின்சாரம் தேவையில்லை. கம்ப்யூட்டருக்கு வேறு வழியில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. "டேபிளுக்குக் குடுங்க" என்றேன். இவ்வளவும் அப்பாவின் அறை வாசலில் நின்று பேசியது.

வியாழக்கிழமைகளில் மின்சாரம் போனதும் குழாயை மெஷினிலிருந்து கழற்றிச் சிலிண்டரில் மாட்டுவது மாவ்ஷியின் வேலை. பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த மராத்திப் பெண்மணி அவர். எங்கள் இருவருக்குமே அவர் மாவ்ஷிதான், சித்தி மாதிரி. அப்பாவும் அவரும் பாதி மராத்தியிலும் பாதி இந்தியிலும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்பாவுக்கு ஒரு பெல்லும் வாங்கிக் கொடுத்திருந்தேன். அமுக்கினால் என் மேஜையில் சிவப்பு விளக்கு எரியும்.

ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமையில், ஐரோப்பாவில் வட்டி விகித அறிவிப்பு வரும். நம் நேரப்படி மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு. அந்த ஒரு மணி நேரத்தில் விலை தறிகெட்டு ஓடும். என் வேலையில் அதுதான் தேர்வு எழுதும் நாள்.

ஜூன் மாதத்தில் அப்படி ஒரு வியாழன் வந்தது. தேஹூவிலிருந்து பால்கி, வருடா வருடம் நடக்கும் பல்லக்கு யாத்திரை, கிளம்புவதைப் பார்க்கவென்று மாவ்ஷி அந்த வாரம் மூன்று நாள் விடுப்பு கேட்டிருந்தார். கிளம்புவதற்கு முன்னால் என்னிடம் வந்து, "சிலிண்டர் மீட்டர்ல முள் கீழ வந்திருச்சு, மாத்தச் சொல்லு" என்றார். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். மறந்துவிட்டேன். அந்த வாரத்தில்தான் மழைக்கு ஆன்டெனா சரியாக எடுக்கவில்லை என்று சிம் கம்பெனி ஆளை இரண்டு தடவை வரவழைத்திருந்தேன். சிலிண்டர்க் கடைக்கு ஒரு போன் போதும். அதைச் செய்யவில்லை.

வியாழன் காலை பத்து மணிக்கு மின்சாரம் போனது. குழாயை நானே சிலிண்டரில் மாட்டினேன். முள்ளைப் பார்த்தேனா என்று பின்னால் பல தடவை யோசித்திருக்கிறேன். பார்த்த ஞாபகம் இல்லை. மத்தியானம் அப்பாவுக்கு ரசம் சாதம் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "சாயந்தரம் அஞ்சரையிலேர்ந்து ஆறரை வரைக்கும் ரொம்ப முக்கியம்பா. காதுல மாட்டிக்கினு இருப்பேன். அதுக்கு முன்னாடி ஏதாவது வேணும்னா சொல்லிடு."

"நீ பாரும்மா. எனக்கு இன்னா வேணும்?"

மழை பிடித்துக்கொண்டது. ஐந்து மணிக்கு வர வேண்டிய மின்சாரம் வரவில்லை. என் மேஜையில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தன. முதல் லைன், இரண்டாவது லைன், ஆன்டெனா. அறிவிப்பு வந்தது. நான் கணித்த பக்கமே விலை திரும்பியது. இன்னும் வாங்கினேன். காதில் லண்டன் பேசிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் திரை ஒருமுறைகூட உறையவில்லை. அதை நினைத்து அப்போது சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

ஆறரை ஆவதற்குச் சில நிமிடம் இருக்கும்போது, தண்ணீர் குடிக்கலாம் என்று ஹெட்செட்டைக் கழற்றினேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. எழுந்துபோய் அப்பா அறையை எட்டிப் பார்த்தேன்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் முழங்கால்மேல் ஊன்றி, முதுகை வளைத்து, ஜன்னலைப் பார்த்தபடி. தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. உதடு ஊதா நிறம். பெல் தலையணைக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. சிலிண்டர் முள் அடியில் படுத்திருந்தது.

"அப்பா!"

திரும்பிப் பார்த்தார். பேச முடியவில்லை. கையை மட்டும் ஆட்டினார். போ, வேலையைப் பார் என்கிற மாதிரி.

என்ன செய்தேன் என்பது துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. என் அறைக்கு ஓடினேன். இன்வெர்ட்டரிலிருந்து வரும் பவர் ஸ்டிரிப்பில் இருந்த எல்லாவற்றையும் பிடுங்கினேன். இரண்டு திரையும் அணைந்தன. ஹெட்செட்டில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த சத்தமும் நின்றது. ஸ்டிரிப்பை என் அறை வாசல்வரை இழுத்தேன், அதற்கு மேல் வரவில்லை. அப்பா அறையிலிருந்து மெஷினை அங்கே தள்ளிக்கொண்டு வந்து செருகினேன். குழாயைச் சிலிண்டரிலிருந்து கழற்றி மெஷினில் மாட்டி, அப்பாவின் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். தொண்ணூறுக்கு மேல் காட்ட வேண்டிய, விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டர் எழுபத்தொன்று காட்டியது. மெஷின் சூடாகி முழு அளவில் கொடுக்கச் சில நிமிடம் ஆகும். அந்த நிமிடங்களில் அப்பாவின் இதயம் என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டதை இப்போதும் உணர முடிகிறது.

எண் கொஞ்சம் ஏறியதும் தெருவில் இறங்கிக் கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் காரை எடுத்தார். மருத்துவமனை பத்து நிமிடத் தொலைவு. வாசலிலேயே ஆக்ஸிஜன் மாட்டி உள்ளே கொண்டுபோனார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் போனைப் பார்த்தேன். லண்டனிலிருந்து பதினொரு அழைப்பு. திரும்பக் கூப்பிட்டேன்.

"லைன் போய்விட்டதா?" என்றார் மேலதிகாரி. "உன்னுடையதை எல்லாம் இங்கே முடித்துவிட்டோம்."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் அது எளிதாக இருந்திருக்கும். ஆனால் வாயில் வரவில்லை.

"லைன் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் பிடுங்கினேன். அப்பாவுக்கு மூச்சு நின்றுகொண்டிருந்தது."

அவர், "அவர் பக்கத்தில் இரு. இந்த வாரம் என்னைக் கூப்பிட வேண்டாம்" என்று சொல்லி வைத்தார்.

அப்பா ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். நான்காம் நாள் முகமூடியைக் கழற்றிக் குழாய் வைத்தபோதுதான் அவரால் பேச முடிந்தது. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏம்பா பெல்ல அமுத்தல? பக்கத்துலதான இருந்துச்சு."

மூச்சைச் சேர்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"மருந்து கையில வெச்சிக்கினு கீறவன… கூப்புடக் கூடாதும்மா. எங்க ஷெட்டுல அதான் மொதல் பாடம். பின்னாலேர்ந்து பேரு சொல்லிக் கூப்ட்டா… திரும்புவான். திரும்பினா கை ஆடும்."

"நான் இன்னா வெடிமருந்தாப்பா வெச்சிக்கினு இருந்தேன்?"

"எனக்கு எப்டித் தெரியும்? ஒன் மொகம் அப்பிடித்தான் இருந்துச்சு."

கழிவறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் என்னைக் குத்திக்காட்ட அதைச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வாழ்நாளெல்லாம் பழகிய ஒரு ஒழுங்கை, மகளின் அறைக்கும் அவர் கடைப்பிடித்திருக்கிறார். அந்த எலக்ட்ரீஷியனிடம் நான் சொன்ன பதிலையும் கேட்டுக்கொண்டுதானே படுத்திருந்தார்.

மாவ்ஷி திரும்பி வந்து நடந்ததைக் கேட்டதும் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சிலிண்டர்க் கடை நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். பக்கத்தில் நின்று பார்த்தேன். "நீ கெட்டவள் இல்லை. ஆனால் நீ இந்த வீட்டில் இல்லை, அங்கே இருக்கிறாய்" என்று மராத்தியில் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனார்.

பெரிய இன்வெர்ட்டர் ஒன்று வாங்கி அப்பா அறையில் வைத்தேன். அது மெஷினுக்கு மட்டும். முழுச் சிலிண்டர் இரண்டு எப்போதும் சுவரோரம் நின்றன. லண்டனில் பேசி, அறிவிப்பு வரும் வியாழக்கிழமைகளில் நான் உட்காருவதில்லை என்று சொன்னேன். அப்படியானால் பெரிய வர்த்தகங்களை உன் கையில் கொடுக்க முடியாது என்றார்கள். மற்றவர்கள் எடுக்கும் ரிஸ்க்கைக் கண்காணித்து அறிக்கை எழுதும் வேலைக்கு என்னை மாற்றினார்கள். அதற்கு நொடிக் கணக்கு இல்லை. திரை ஐந்து நிமிடம் உறைந்தால் ஐந்து நிமிடம் காத்திருக்கலாம். அந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை. விலை ஓடும்போது உடம்பில் ஏறும் அந்தக் கூர்மைக்காகத்தான் பதினான்கு வருடம் அங்கே இருந்தேன். அதை விட்டது வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

அதன் பிறகு அப்பா ஒன்றரை வருடம் இருந்தார். மத்தியானத்தில் அவர் நாற்காலியை என் அறையில் கொண்டுவந்து போடுவோம். நீளமான குழாய் தரையில் வளைந்து கிடக்கும். திரையில் ஏறி இறங்கும் கோடுகளைப் பார்த்து ஏதாவது கேட்பார்.

"இப்ப இன்னா ஏறுதா?"

"எறங்குதுப்பா."

"யாருக்கு நஷ்டம்?"

"ஏத்தம்னு நெனச்சவனுக்கு."

"பாவம்" என்பார். முகம் தெரியாத அந்த வெளிநாட்டுக்காரனுக்காக நிஜமாகவே வருத்தப்படுவார். பிறகு அப்படியே தூங்கிப்போவார்.

குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, மாவ்ஷி கொண்டுவந்த டீயைப் பாதி குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடச் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாவ்ஷி டம்ளரோடு திரும்பி வருவதற்குள் அடங்கிவிட்டார். மின்சாரம் இருந்தது, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, சிலிண்டர் இரண்டும் நிறைந்திருந்தன. செய்ய வேண்டியது எதுவும் மீதி இல்லை. மெஷினை நிறுத்தியது மாவ்ஷி. அந்தச் சத்தம் நின்றதும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிப்பதும், தளேகாவ் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் வந்து நிற்பதும் கேட்டன. இரண்டு வருடமாக அந்த வீட்டில் அவை கேட்கும் என்பதே எனக்குத் தெரியாது.

லண்டனில் பழைய வேலைக்குத் திரும்ப வருகிறாயா என்று மேலதிகாரி ஒருமுறை கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் பதில் சொல்லவில்லை.